பாகத்தைக் கழற்றும் முன்: பழைய டீசல் பஸ்ஸில் மின்கோளாறு தேடும் முறை

இந்த அத்தியாயத்தில் பழைய பஸ் என்பது எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் இல்லாத பஸ். டீசலை இன்லைன் பம்ப் தள்ளும்; ஸ்டாப் குமிழை இழுத்தால் எஞ்சின் நிற்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபின் இப்படிப்பட்ட சேஸி புதிதாகக் கிடைப்பதில்லை. ஆனாலும் தனியார் ரூட் பஸ், கல்லூரி பஸ், மில் ஷிஃப்ட் வண்டி என்று ஏராளமானவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றின் எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு: ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் அப்புறம் ஓடுவதற்குக் கரண்டே தேவையில்லை. வழியில் வண்டி நின்றுபோகாமல் காப்பாற்றுவது இந்தக் குணம்தான். கோளாறை மறைத்து வைப்பதும் இதேதான். சார்ஜ் ஏறாமல் பகல் முழுக்க ஓடிய வண்டி, ராத்திரி ஷெட்டில் நிறுத்தும்வரை நல்ல வண்டியாகவே தெரியும். மறுநாள் விடியற்காலை ட்ரிப்புக்குச் சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அதோடு சரி.

அந்த நேரத்தில் பெரும்பாலான ஷெட்டுகளில் நடப்பது ஒன்றுதான். முதல் பழி பேட்டரி மேல் விழும். அடுத்தது செல்ஃப் மோட்டார் மேல். அதற்கும் அடங்காவிட்டால், பட்டறையில் இன்றும் டைனமோ என்றே சொல்கிற ஆல்டர்நேட்டர் மேல். ஒவ்வொன்றாகக் கழற்றி, வேறொன்றை மாட்டி, எது மாட்டியபோது வண்டி கிளம்பியதோ அதுவே கோளாறு என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்த முறைக்கு எதிரான வாதம்தான் இந்த அத்தியாயம். பழைய பஸ்ஸின் மின்கோளாறுகளில் பெரும்பங்கு, பாகத்துக்குக் கரண்ட் போகும் வழியிலோ அங்கிருந்து திரும்பி வரும் வழியிலோ வோல்ட் தொலைவதால் வருவது. தொலைகிற இடம் ஓர் இணைப்பு: ஒரு லக், ஒரு போல்ட், ஒரு எர்த் புள்ளி, ஒரு சுவிட்சின் உள்முனை. அதை லோடு ஓடும்போது மீட்டர் வைத்து அளந்தால்தான் பிடிக்க முடியும். அளக்காமல் கழற்றுவது செலவு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அது தவறான பாடத்தையும் கற்றுக்கொடுத்துவிடுகிறது என்பதுதான் பெரிய நஷ்டம்.

ஏன் இணைப்புகள்? பஸ் கட்டப்படும் விதத்தைப் பார்த்தாலே போதும். சேஸி ஓர் ஆலையில் தயாராகிறது. அதோடு எஞ்சின், பேட்டரி, முன்விளக்கு வரைக்குமான ஹார்னஸ் வருகிறது. பாடி கரூரிலோ வேறு ஊரிலோ கட்டப்படுகிறது. உள்விளக்கு, மின்விசிறி, போர்டு விளக்கு, பஸ்ஸர், ரேடியோ செட் எல்லாவற்றுக்கும் அங்கேதான் வயர் இழுக்கிறார்கள். இரண்டு கை இழுத்த இரண்டு வயரிங் ஒரே வண்டியில் இருக்கிறது. முதலாவதற்கு வரைபடம் உண்டு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் கிடையாது; அன்றைக்குக் கடையில் எந்தக் கலர் சுருள் இருந்ததோ அந்தக் கலர்தான். போதாததற்குப் பல வண்டிகளில் சேஸிக்கும் பாடியின் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே மரக்கட்டையோ ரப்பரோ கொடுத்து யு போல்ட்டால் இறுக்கியிருப்பார்கள். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக எஞ்சின், சேஸி, பாடி மூன்றும் மின்சாரக் கணக்கில் தனித்தனித் தீவுகள். இவற்றைச் சேர்த்துவைப்பது இரண்டு மூன்று எர்த் பட்டைகள் மட்டுமே. அந்தப் பட்டைகள் சேறு, மழைத்தண்ணீர், கழுவும்போது அடிக்கும் சோப்புத் தண்ணீர், எஞ்சின் அதிர்வு அத்தனையையும் வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் தொங்குகின்றன. பத்து வருடத்தில் முதலில் கெடுவது அவைதான் என்பதில் ஆச்சரியமில்லை. ஒரு பஸ்ஸில் மோட்டாரும் ஆல்டர்நேட்டரும் ஒவ்வொன்றுதான், இணைப்புகளோ நூற்றுக்கணக்கில்.

இணைப்பு கெட்டதைக் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம் என்பதற்கு ஒரே கணக்கு போதும். பத்து ஓம் தடையுள்ள துருப்பிடித்த லக் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்கைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மல்டிமீட்டரை வைத்தால் 24 வோல்ட் முழுசாகக் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டையே இழுப்பதில்லை. அதே ஹோல்டரில் 21 வாட் பல்பைப் போட்டால், எரியும் நிலையில் அதன் தடை சுமார் 27 ஓம். லக்கில் ஆறு ஏழு வோல்ட் தொலைந்துபோகும், பல்பு மஞ்சளாக அழும். அதே பத்து ஓம் செல்ஃப் மோட்டாரின் வழியில் இருந்தால் மோட்டார் அசையக்கூட அசையாது. தடிமனான பேட்டரி கேபிளில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் சும்மா இருக்கும்போது மீட்டர் 24 காட்டும். ‘வோல்ட் வருதே, அப்போ மோட்டார்தான் போச்சு’ என்ற தீர்ப்பு இங்கேதான் பிறக்கிறது. லோடு இல்லாமல் எடுத்த அளவு சாட்சியாகாது. ஆகவே பெட்டியில் மல்டிமீட்டருக்குப் பக்கத்தில் 24 வோல்ட், 21 வாட் பல்பில் இரண்டு வயர் சாலிடர் செய்த டெஸ்ட் லேம்ப் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். எல்இடி வைத்த டெஸ்டர் இந்த வேலைக்கு உதவாது. அது மீட்டரைப் போலவே கரண்ட் இழுக்காமல் பொய் சொல்லும்.

செல்ஃப் எடுக்காத வண்டியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் ஆளைத் தெருவில் நிறுத்துவது அதுதான். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாப் குமிழை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். முதல் அளவு பேட்டரியின் ஈயத் தூண்களின் மேலேயே. கிளாம்ப் மேல் அல்ல. ஸ்டார்ட் அடிக்கும்போது 24 வோல்ட் வண்டியில் அது 19-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியில் தெம்பில்லை, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. விழாமல் 23-க்கு மேலேயே நின்று, மோட்டாரும் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரியைக் குறை சொல்வதில் அர்த்தமே இல்லை; வழியை அளக்கும் முன் மோட்டாரையும் குறை சொல்ல முடியாது. கரண்ட் போய்ச் சேரவில்லை. இந்த ஒரே அளவு பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். (12 வோல்ட் வண்டிக்கு, இந்த அத்தியாயத்தில் 24 வோல்ட் வண்டிக்குச் சொல்லும் வோல்ட் எண்களைப் பாதியாக்கிக் கொள்ளலாம்.) பேட்டரியின் சார்ஜ் நிலை அறிய வண்டி சில மணி நேரம் நின்றபின் ஒவ்வொன்றையும் தனியாக அளக்க வேண்டும்: 12.6 முழு சார்ஜ், 12.2 பாதி, 12-க்குக் கீழ் என்றால் ஏறக்குறைய காலி.

அடுத்து வழியை அளப்பது. மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் தூணிலும் கறுப்பை செல்ஃபின் பெரிய போல்ட்டிலும் வைத்து ஸ்டார்ட் அடித்தால், மீட்டர் காட்டுவது அந்தக் கேபிளிலும் அதன் இரண்டு முனைகளிலும் தொலைகிற வோல்ட். சோலனாய்டைத் தாண்டிய போல்ட்டில் வைத்தால், ஸ்டார்ட் அடிக்கும் முன் மீட்டர் முழு பேட்டரி வோல்ட்டையும் காட்டும். அது கோளாறல்ல, உள் கான்டாக்ட் திறந்திருப்பதன் அடையாளம். அடிக்கும்போது என்ன காட்டுகிறது என்பதே கணக்கு. பிறகு நெகட்டிவ் தூணுக்கும் செல்ஃபின் உடம்புக்கும் நடுவே அதே அளவு. ஒவ்வொரு பக்கமும் ஒரு வோல்ட்டுக்குள் இருந்தால் போகட்டும் என்று விடலாம். இரண்டு மூன்று வோல்ட் வந்தால் நடுவில் நடுவில் வைத்துச் சுருக்கிக்கொண்டே வர வேண்டும்: தூணிலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து சேஸி, சேஸியிலிருந்து எஞ்சின் பிளாக், பிளாக்கிலிருந்து செல்ஃப் உடம்பு. 300 ஆம்பியர் ஓடுகிற வழியில் நூற்றில் ஒரு பங்கு ஓம் தடை போதும், 3 வோல்ட் தொலைந்து 900 வாட் சூடாக மாறுவதற்கு. ஓர் இஸ்திரிப் பெட்டியை அந்த லக்குக்குள் சொருகிவைத்த மாதிரி. ஸ்டார்ட் அடித்த கையோடு கேபிள் முனைகளைத் தொட்டுப் பார்த்தால் எது சுடுகிறதோ அதுவே குற்றவாளி. பழைய எலக்ட்ரீசியன்கள் மீட்டரே இல்லாமல் கையை வைத்துச் சரியாகச் சொல்வது இதனால்தான். ‘அனுபவம் இருந்தால் மீட்டர் எதற்கு’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: அவர்கள் கையும் வோல்ட் இழப்பைத்தான் அளக்கிறது, ஆனால் 300 ஆம்பியர் ஓடும் இடத்தில் மட்டும். அரை ஆம்பியர் ஓடும் ரிலே கம்பியில் எந்தக் கைக்கும் சூடு தெரியாது.

எஞ்சினையும் சேஸியையும் இணைக்கும் பின்னல் பட்டை அறுந்த வண்டி ஒரு தனி வேடிக்கை காட்டும். செல்ஃபின் கரண்ட் திரும்பிப் போக வேறு வழி தேடும். ஆக்சிலேட்டர் கேபிள், ஸ்டாப் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று எஞ்சினையும் உடம்பையும் தொடும் எதன் வழியாகவும் போகும். ஆக்சிலேட்டர் கேபிளின் உறை உருகிச் சிக்குவதும், ஸ்டார்ட் அடித்தபோது டாஷ்போர்டுக்கு அடியில் புகை வருவதும் இதனால் நேரலாம். கேபிளைப் புதிதாக மாற்றினால் புதுக் கேபிளும் அதே கதிதான். இது மெக்கானிக்கல் வேலை என்று ஒதுக்கப்பட்டு எலக்ட்ரீசியனின் கண்ணுக்கே வராமல் போவதுண்டு.

இப்போது மாற்றிப் பார்க்கும் முறையின் பெரிய ஆயுதத்துக்கு வருவோம்: ‘மாத்தினோம், ஸ்டார்ட் ஆச்சு, அப்புறம் என்ன பேச்சு?’ செல்ஃப் மோட்டாரை மாற்றும்போது என்னென்ன நடக்கிறது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பேட்டரி முனை கழற்றப்படுகிறது. செல்ஃபின் பெரிய லக் கழற்றப்பட்டு, எமரி தாளால் தேய்க்கப்பட்டு, இறுக்கப்படுகிறது. மோட்டார் உட்காரும் பிளைவீல் ஹவுசிங்கின் முகம் துடைக்கப்படுகிறது. அதுதான் மோட்டாரின் எர்த். கடைசியில் பேட்டரி கிளாம்ப் சுரண்டி மாட்டப்படுகிறது. மூன்று இணைப்புகள் சுத்தமாகின்றன, ஒரு மோட்டார் மாறுகிறது. வண்டி கிளம்பியது எதனால் என்று இதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. பழைய மோட்டாரையே கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டியிருந்தாலும் கிளம்பியிருக்கலாம். பழைய மோட்டாரை பெஞ்சில் வைத்து பேட்டரி கொடுத்தால் ஜம்மென்று சுற்றுகிற அதிசயத்தைப் பட்டறைக்காரர்கள் அடிக்கடி பார்ப்பதும் இதனால்தான். தூணிலோ நடு வழியிலோ உள்ள உண்மையான கெட்ட இணைப்பு தற்செயலாக அசைந்து சரியாகியிருந்தால், சில வாரங்களில் அதே கோளாறு திரும்பும். அப்போது ‘புது மோட்டார் தரமில்லை’ என்ற அடுத்த தவறான பாடம் கிடைக்கும்.

மோட்டார் கெடவே கெடாதா என்றால் கெடும். கார்பன் பிரஷ் தேயும், புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசும், சோலனாய்டின் செம்புக் கான்டாக்ட் கருகும். ஆனால் இவையும் அளவில் தனித்தனியாகத் தெரியும். வழி சுத்தம், பேட்டரியும் முழுசு, இருந்தும் அடிக்கும்போது வோல்ட் அதலபாதாளத்துக்குப் போகிறது என்றால் மோட்டார் உரசுகிறது அல்லது எஞ்சினே இறுகிக் கிடக்கிறது. சோலனாய்டு ‘டக்’கென்று அடித்தும் அதன் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே வோல்ட் அப்படியே நின்றால் உள் கான்டாக்ட் கருகியிருக்கிறது. ‘டக் டக் டக்’ என்று தொடர்ந்து அடித்தால் ஒவ்வொரு முறையும் வோல்ட் விழுந்து சோலனாய்டு விட்டுவிடுகிறது. பேட்டரி தளர்வு அல்லது தூண் இணைப்பு தளர்வு. பாகத்தை மாற்றக் கூடாது என்பதல்ல வாதம், அதன் மேல் குற்றம் நிரூபணமான பிறகு மாற்ற வேண்டும் என்பதே.

24 வோல்ட் பஸ்ஸுக்கே உரிய ஒரு நோயைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் மீட்டர் வைப்பவர்களும் ஏமாறுகிறார்கள். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். பாட்டு செட், டிவி, செல்போன் சார்ஜர் போன்ற 12 வோல்ட் சாமான்களுக்கு இரண்டு பேட்டரிக்கும் நடுவிலுள்ள இணைப்புப் பட்டையிலிருந்து ஒரு வயர் எடுத்துவிடுவார்கள். பத்து நிமிட வேலை, காசும் மிச்சம். ஆனால் அந்தச் சாமான்கள் கீழ்ப் பேட்டரியிலிருந்து, அதாவது சேஸியில் எர்த் ஆகும் பேட்டரியிலிருந்து மட்டுமே இழுக்கின்றன. 5 ஆம்பியர் செட் எட்டு மணி நேரம் பாடினால் அந்த ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 40 ஆம்பியர்-மணி போய்விடுகிறது. ஆல்டர்நேட்டரோ இரண்டையும் ஒரே கரண்டில் தொடராக சார்ஜ் செய்கிறது. அதன் ரெகுலேட்டருக்குத் தெரிவது மொத்த வோல்ட் மட்டும். எஞ்சின் ஓடும்போது மொத்தம் 28 இருந்தால் அதற்குத் திருப்தி. அந்த 28 என்பது கீழே 13, மேலே 15 என்று பிரிந்திருப்பது அதற்குத் தெரியாது. கீழ்ப் பேட்டரி எப்போதும் பசியோடு கிடந்து சல்பேட் படிந்து சாகிறது; மேல் பேட்டரி அளவுக்கு மீறிக் கொதித்து, தண்ணீர் வற்றி, மூடியைச் சுற்றி ஆசிட் பூத்துச் சாகிறது. இரண்டு பேட்டரிகளில் ஒன்றுக்கு மட்டும் அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருந்தால் இந்த நோய் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

இதற்கு மருந்து 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வைத்து, நடுப்பட்டை வயரை அறுத்துவிடுவது. ‘இத்தனை வருஷமா நடுவுலதான் எடுக்கறோம், ஒண்ணும் ஆகல’ என்பார்கள். ஒன்றும் ஆகாமல் இல்லை. பேட்டரியின் ஆயுள் குறைந்து, அந்தப் பழி பேட்டரி கம்பெனி மேல் போயிருக்கிறது. இரண்டு பேட்டரிகளின் ஆயுளைக் குறித்துவைக்கும் வழக்கம் உள்ளவர்கள் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கெட்ட ஒரு பேட்டரியை மட்டும் புதிதாக மாற்றுவதும் இதே நோயின் மறுவடிவம்: பழையதும் புதியதும் ஒரே சார்ஜை ஒரே மாதிரி ஏற்பதில்லை. மாற்றினால் இரண்டையும், ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே மாதத் தயாரிப்பாக மாற்ற வேண்டும்.

சார்ஜ் ஏறாத வண்டியில் ஆல்டர்நேட்டரைக் கழற்றும் முன் மூன்று இடங்களைப் பார்த்துவிடலாம். பெல்ட் தளர்ந்திருந்தால் லைட் எல்லாம் போட்டதும் கிறீச்சிடும். இரண்டாவது, டாஷ்போர்டிலுள்ள சிவப்பு சார்ஜ் விளக்கு. பல மாடல்களில் அது வெறும் அறிவிப்பு விளக்கல்ல. ஆல்டர்நேட்டருக்கு முதல் காந்தம் ஏற்றும் கரண்ட் அந்தப் பல்பின் வழியாகத்தான் போகிறது. பல்பு பியூஸ் ஆனால் வண்டி சார்ஜ் ஆகாமலே ஓடும், அல்லது ஒருமுறை நன்றாக உறுமினால்தான் சார்ஜ் தொடங்கும். சாவி போட்டதும் அந்த விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது ஒரு நொடி வேலை, பார்ப்பவர்கள்தான் குறைவு. மூன்றாவது, எல்லா லைட்டும் மின்விசிறியும் ஓடவிட்டு, ஆல்டர்நேட்டரின் பெரிய போல்ட்டில் ஓர் அளவும் பேட்டரித் தூணில் ஓர் அளவும் எடுக்க வேண்டும். அங்கே 28.4, இங்கே 26.2 என்றால் ஆல்டர்நேட்டர் வேலை செய்கிறது, நடுவில் 2.2 வோல்ட் திருட்டுப் போகிறது. சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றிப் பார்க்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிட வேண்டும். பழைய டைனமோ காலத்தில் அது தப்பித்திருக்கலாம். ஆல்டர்நேட்டரில் பேட்டரி என்ற தாங்கி விலகிய கணத்தில் வோல்ட் துள்ளி எகிறி டயோடுகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடும். பாடியில் வெல்டிங் வைக்கும்போதும் முதலில் பேட்டரியைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

பின்விளக்குகளின் கோளாறு எர்த் வாதத்துக்கு மிகத் தெளிவான சாட்சி. பிரேக்கை மிதித்தால் ஸ்டாப் லைட் மங்கலாகி, கூடவே பார்க்கிங் விளக்கும் நம்பர் பிளேட் விளக்கும், சில சமயம் முன்னால் மீட்டர் விளக்கும் லேசாக மினுங்கும். பேய் பிடித்த வயரிங் என்று தோன்றும். ஒரு பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். 21/5 வாட் பல்பில் இரண்டு இழைகள். அடியில் இரண்டு ஈயப் பொட்டுகள். இரண்டு இழைக்கும் பொதுவான திரும்பும் வழி அந்தப் பித்தளை உடம்பு. ஹோல்டரின் எர்த் நன்றாக இருந்தால் பிரேக் கரண்ட் 21 வாட் இழை வழியே வந்து உடம்பில் இறங்கி சேஸிக்குப் போய்விடும். எர்த் விட்டுப்போனால் அதற்கு உடம்பிலிருந்து ஒரே வழிதான் மிச்சம்: 5 வாட் இழையில் தலைகீழாக ஏறி, பார்க்கிங் லைட் வயரில் புகுந்து, வண்டியின் மற்ற பார்க்கிங் விளக்குகள் வழியாக அவற்றின் நல்ல எர்த்துக்குப் போவது. ஆகவே எல்லாம் மங்கலாக எரிகிறது. இந்த அறிகுறியைக் கண்டால் சுவிட்சையோ ஃப்ளாஷரையோ தொடவே வேண்டாம். அந்த மூலை விளக்கின் எர்த் வயரைப் பிடித்துக்கொண்டு போனால், பெயின்ட் மேலேயே திருகப்பட்ட ஒரு ஸ்க்ரூவிலோ பச்சை பூத்த ஒரு லக்கிலோ அது முடிந்திருக்கும். பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் பேய் போய்விடும்.

முன்விளக்கு மங்கல் என்றால் அதிக வாட் பல்பு போடுவது வழக்கமாகிவிட்டது. இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டோடு நேராகக் குறைவதில்லை. வோல்ட் பத்து சதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதம் போய்விடும். அதிக வாட் பல்பு அதிகக் கரண்ட் இழுக்கும், அதே வழியில் இன்னும் அதிக வோல்ட் தொலையும், டிப்பர் சுவிட்ச் கருகும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக ரிலே ஒன்று வைத்து, தடிமனான வயரில் நேரே கரண்ட் கொடுத்து, எர்த்தையும் புதிதாக இழுத்தால் பழைய பல்பே போதும்.

அடிக்கடி ஃப்யூஸ் போகிற சர்க்யூட்டில் பெரிய ஃப்யூஸ் போடுபவர்களிடம் பேசிப் பயனில்லை. ஃப்யூஸ் காப்பது சாமானையல்ல, வயரை, என்பதை ஒருமுறை சொல்லிவிட்டு முறைக்கு வருவோம். போன ஃப்யூஸின் இடத்தில் டெஸ்ட் லேம்பை மாட்டி, அந்த சர்க்யூட்டின் பல்புகளையெல்லாம் கழற்றி, சுவிட்சைப் போட்டால், ஷார்ட் இருக்கும்வரை லேம்ப் பிரகாசமாக எரியும். ஃப்யூஸ் ஒன்றும் வீணாகாது. இனி ஹார்னஸைப் பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொரு அடியாக அசைத்துக்கொண்டு வரலாம். தகடு துளைத்துப் போகும் ஓரம், ஸ்பிரிங் பக்கம், எமர்ஜென்சி கதவின் கீல் ஆகியவை முதலில். லேம்ப் அணைகிற இடமே உரசுகிற இடம். ஆனால் ஃப்யூஸால் பிடிக்க முடியாத ஆபத்தும் ஒன்று உண்டு. 15 ஆம்பியர் ஃப்யூஸின் கீழ் 10 ஆம்பியர் ஓடும் உள்விளக்கு வயரில், அரை ஓம் தடையுள்ள ஒரு முறுக்கு ஒட்டு இருந்தால் அங்கே 5 வோல்ட் தொலைந்து 50 வாட் சூடு ஓயாமல் எழும். ஃப்யூஸுக்கு எந்தக் குறையும் தெரியாது. அந்த ஒட்டு ரெக்சினும் பிளைவுட்டும் அடித்த கூரைக்குள் இருக்கிறது. பழைய பஸ்ஸில் தீப்பிடிக்கும் பயத்தை வைத்துக்கொள்ள வேண்டிய இடம் இது. விளக்குகள் மங்கினால் பல்பு போட்டுச் சமாளிக்காமல் அளந்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதும் இதற்காகத்தான்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, வண்டி ட்ரிப்புக்குப் போக வேண்டும் என்பது கடைசி ஆட்சேபம், நியாயமானதும்கூட. காலை நேரத்தில் வண்டியைத் தள்ளியாவது கிளப்பி அனுப்புவதில் தவறில்லை. ஆனால் மேலே சொன்ன செல்ஃப் சோதனை, இருவர் இருந்தால், மோட்டாரைக் கழற்றும் நேரத்தில் ஒரு சிறு பங்குகூட எடுக்காது. ராத்திரி வண்டி திரும்பியதும் செய்யலாம். நின்ற வண்டியில் பேட்டரி தானாக இறங்குகிறதா என்பதை, மெயின் சுவிட்ச் உள்ள வண்டியில் அதை மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும், நெகட்டிவ் தூணுக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவே 5 வாட் பல்பை வைத்துப் பார்க்கலாம். எல்லாம் அணைந்தபின்னும் பல்பு எரிந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். எதை உருவும்போது அணைகிறதோ அந்தக் கிளையில் கசிவு. எதுவும் அணைக்காவிட்டால் ஃப்யூஸைத் தாண்டாத ஆல்டர்நேட்டர் டயோடைச் சந்தேகிக்கலாம். அரை ஆம்பியர் கசிந்தாலே ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி போகும். ஒரு வாரம் விடுமுறையில் நின்ற கல்லூரி பஸ் திங்கட்கிழமை எடுக்காததற்கு வேறு காரணம் தேவையில்லை.

எப்போது தேடுவதை நிறுத்திவிட்டுப் புது வயர் இழுக்க வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. வயரை விரலால் மடக்கினால் உறை வெடிக்கிறது, உறையைச் சீவினால் செம்பு கறுத்திருக்கிறது என்றால் அந்தக் கிளையில் இனி ஒட்டுப் போடுவது வீண். ஃப்யூஸ் பெட்டியிலிருந்து பின்பக்கம் வரை 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை ஒரே நீளமாக இழுத்து, கூடவே எர்த்துக்கும் தனி வயர் கொண்டுபோய், அதை சேஸியில் சுரண்டிய போல்ட் ஒன்றில் முடிக்க வேண்டும். திரும்பும் வழிக்குப் பாடித் தகட்டை நம்பக் கூடாது. தகடு துளைக்கும் இடமெல்லாம் ரப்பர் குரோமெட். எந்த வயர் எந்த ஃப்யூஸிலிருந்து எங்கே போகிறது என்று ஒரு தாளில் கலரோடு வரைந்து, லேமினேட் செய்து, ஃப்யூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடலாம். பழைய வயரை உருவ முடியாவிட்டால் இரண்டு முனையையும் பிரித்து, தனித்தனியாக டேப் சுற்றிக் கட்டிவிட வேண்டும். ஒரு முனை மட்டும் பிரிந்து மறு முனையில் கரண்டோடு கூரைக்குள் கிடக்கும் வயர், அடுத்த வருடம் ஸ்பீக்கர் மாட்ட வருபவர் கையில் பாசிட்டிவாகக் கிடைத்து, பேட்டரியின் நடுப்பட்டைக்கோ உள்விளக்கு ஃப்யூஸுக்கோ மீண்டும் போய்ச் சேர்ந்துவிடும்.